வீடு பார்க்க வந்தவர்கள் கேட்ட ஒரு டம்ளர் தண்ணீர்

போன வாரம் காந்திபுரம் சிக்னலில் ஒரு வாசகர் என்னைக் கையும் குடமுமாகப் பிடித்துவிட்டார். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் குடம். பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய இன்னொன்று.

"ஏனுங்க, எழுதறதை உட்டுப்போட்டுத் தண்ணி யாவாரத்துல எறங்கீட்டீங்களா?" என்றார்.

இல்லை ஐயா! நான் இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் ஹவுஸ் ஓனர்!

எங்கள் வீட்டு மாடியைக் கட்டி வாடகைக்கு விட்டதும் எனக்கு ஆசை பிறந்தது. ஒரு வாடகை வந்தால் இன்னொன்று ஏன் வரக் கூடாது? சரவணம்பட்டியில் ஒரு வீடு விலைக்கு வந்தது. பத்திரம் பார்த்தேன், வில்லங்கம் பார்த்தேன், வாஸ்து பார்த்தேன். பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று நடந்தே பார்த்தேன். என் மனைவி தங்க வளையல்களைக் கழற்றித் தந்தாள். வாடகை வந்ததும் முதல் வேலை வளையல்தான் என்று வாக்குக் கொடுத்தேன்.

'டு-லெட்' போர்டு மாட்டினோம். ஆட்கள் வந்தார்கள். ஹாலைப் பாராட்டினார்கள், சமையலறையைப் பாராட்டினார்கள். கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார்கள். குழாயில் பிடித்துக் கொடுப்பேன்.

"ஊடு அருமையா இருக்குதுங்க. ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாரனுங்க."

ஒருவரும் திரும்பி வரவில்லை. நம் ஊர் மரியாதை அப்படி... பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னால் நமக்குத் தூக்கம் வராதே! நாலு மாதம் ஓடிப் போனது. மனைவியின் கையில் கண்ணாடி வளையல் குலுங்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் அவளே சொன்னாள்: "வெயில்ல வர்றவங்களுக்கு டேங்க் தண்ணியையா குடுக்கறது? சுடுமுங்க. நம்மூட்டுத் தண்ணியை ஒரு கூஜாவுல ஊத்தித் தாரேன், கொண்டு போங்க."

எங்கள் வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணி ஆற்றுத் தண்ணீர். அதன் ருசியைக் கோயமுத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

அன்று வந்தவர் மருதாசலம், லேத் பட்டறைக்காரர். குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். நின்ற இடத்திலேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்!

குடிவந்த மூன்றாம் நாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். சண்டை இல்லை, சத்தம் இல்லை.

"தொந்தரவு பண்றதா நெனைக்காதீங்க. அன்னிக்குக் குடுத்தீங்களே, அந்தத் தண்ணி எந்தப் பைப்புல வருதுங்க? எல்லாத்தையும் தொறந்து பார்த்துட்டனுங்க. பருப்பு வேக மாட்டீங்குதுங்க."

சரவணம்பட்டிக்கு ஓடிப் போய் அந்த வீட்டு போர்வெல் தண்ணீரை ஒரு வாய் குடித்தேன் — வீடு வாங்கிய பிறகு முதல் முறையாக. கோயமுத்தூரில் கடல் இல்லை என்று யார் சொன்னது?

வெட்கம் பிடுங்கித் தின்றது. பத்திரத்தை வரி வரியாகப் படித்தவன், குழாயைத் திறந்து பார்க்கவில்லையே! அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன் என்றேன். மருதாசலம் பதறிவிட்டார்.

"அய்யோ, அதெல்லாம் வேண்டாமுங்க. ஊடு நல்ல ஊடு. குடிக்கறதுக்கும் பருப்புக்கும் மட்டும் தெனமும் ரெண்டு கொடம்... நீங்க எப்பிடியும் ஸ்கூட்டர் வெச்சிருக்கறீங்கல்ல?"

இவ்வளவு பணிவாகக் கேட்டால் எப்படி மறுப்பது? தினமும் இரண்டு குடம் போகிறது, மாதம் ஒரு வாடகை வருகிறது. ஒரு கைக்கு வளையல் வந்துவிட்டது.

வாடகைக்கு விட வீடு வாங்க நினைப்பவர்களுக்கு என் ஒரே ஆலோசனை: பத்திரத்தைப் பிறகு படியுங்கள். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

நானும் திருந்திவிட்டேன். இன்னொரு கைக்கும் வளையல் வேண்டுமே என்று, நேற்று அவிநாசிப் பக்கம் மூன்றாவதாக ஒரு வீடு பார்க்கப் போனேன். தரகர் பத்திரத்தை நீட்டினார். நான் அதைத் தொடவே இல்லை.

"முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்றேன், பெரிய அனுபவஸ்தன் மாதிரி.

"அதுக்கென்னங்க" என்று தரகர் தன் பையைத் திறந்தார். "எங்கூட்ல இருந்தே கூஜாவுல கொண்டாந்திருக்கறனுங்க!"