ஆபிரகாமின் கை

பிரிக்பீல்ட்ஸில் சினிமா பேனர் எழுதிவந்த சபாபதியிடம், 1978இல் கிள்ளான் தேவாலயம் ஒன்று பழைய ஐரோப்பிய ஓவியத்தின் மங்கிய அச்சுப்படத்தைக் கொடுத்துப் பெரிதாக வரையச் சொன்னது. கதை அவருக்குத் தெரியாது. தலைப்பாகைக் கிழவர் ஒருவர் கையை உயர்த்தி நிற்கிறார். எதிரே மகனைப் பிடித்தபடி ஒரு பெண். சாமி படங்களில் தூக்கிய கை ஆசீர்வாதம்தான். அதனால் கிழவருக்குக் கனிந்த புன்னகை வைத்தார்.

பார்க்க வந்த செயலாளர் எஸ்தர் ஆன்டி சிரித்துவிட்டார்.

"என்ன மாஸ்டர், ஆபிரகாம சாமியாராக்கிட்டீங்க! ஆசீர்வாதம் இல்ல லா, வெரட்டுறாரு. பெரிய பொண்டாட்டி சாராள் பேச்சக் கேட்டு, வேலைக்காரி ஆகாரையும் அவகிட்ட பொறந்த சொந்த மகனையும் பாலைவனத்துக்கு அனுப்புறாரு. கொஞ்சம் ரொட்டி, ஒரு தோல்பை தண்ணி, அவ்வளவுதான்."

ஏழு வயதில் அம்மாவோடு ரவாங்கில் இருந்த வீட்டை விட்டுக் கிளம்பியபோது, வாசலில் அப்பா கை தூக்கி நின்றது சபாபதிக்கு நினைவிருந்தது. ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினார் என்று அம்மா மாரியாயி சொன்னதை நம்பித்தான், இத்தனை ஆண்டுகளும் அப்பா படத்துக்கு மாலை போட்டார்.

மத்தியானம் வீட்டில் கேட்டார்: "அம்மா, அன்னிக்கு அப்பா நம்மள வெரட்டினாரா?"

"இப்ப எதுக்குடா அது? சோறு ஆறுது, சாப்புடு."

மறுநாள் கிழவரின் புன்னகையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அப்பாவின் முகத்தை வரைந்தார். தூக்கிய கையில் மட்டும் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.