வாலாட்டிகளை விரட்டிய அக்கா

குளிர்காலப் பறவைகளைக் கணக்கெடுக்க, மலேசியாவில் கெமாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குப் போனபோதுதான் அந்த அக்காவைப் பார்த்தேன். களைக்கு மருந்து அடிப்பவர். ஒல்லியான உடம்பு, முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து, வாயைச் சுற்றிக் கட்டிய துண்டு, முதுகில் பம்பு.

வடக்கே குளிர் தொடங்கியதும் பறந்து வந்த வாலாட்டிக் குருவிகள் பாதையோரப் புல்லில் பூச்சி தேடிக்கொண்டிருந்தன. மருந்து அடிக்குமுன் அவர் காலைத் தரையில் ஓங்கித் தட்டி அவற்றை விரட்டுவார். அவர் நகர்ந்ததும் அவை மருந்து நனைத்த புல்லுக்கே திரும்பி வரும். அவரும் திரும்பி வந்து மறுபடி விரட்டுவார்.

"போன வருஷம் ரெண்டு இங்கயே செத்துக் கெடந்துச்சு தம்பி. மருந்தாலயான்னு தெரியல."

"வேல வாங்குற மண்டோர்கிட்ட சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன் லா. குருவிக்குப் பாவம் பாத்தா வேல எப்ப முடியறதுன்னாரு. நீங்க எழுதிக்கிட்டுப் போறீங்களே, அதப் படிச்சா மருந்த நிறுத்துவாங்களா?"

"தெரியலக்கா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. துண்டை இறக்கிவிட்டு வெகுநேரம் இருமினார்.

"உங்களுக்கு இந்த மருந்து ஒத்துக்குதாக்கா?"

"இதுங்களாச்சும் மார்ச்சுல கெளம்பிப் போயிரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குள் நுழைந்தார்.

அன்று எத்தனை வாலாட்டிகளைப் பார்த்தேன் என்பது மறந்துவிட்டது. மரங்களுக்கிடையே அந்த இருமல் தூரமாகிப் போவதைக் கேட்டபடி, ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்றது மட்டும் மறக்கவில்லை.