தஞ்சாவூர் லைன் டவுன்

1. முப்பது கனெக்‌ஷன்

நான் ஆபரேட்டராகச் சேர்ந்த அன்று எங்கள் போர்டில் முப்பது கனெக்‌ஷன்தான். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர், தபாலாபீஸின் பின்கட்டில் எக்ஸ்சேஞ்ச். போலீஸ் ஸ்டேஷன், டாக்டர், நாலு மில், மிச்சமெல்லாம் மிராசுதார் வீடுகள். பொறையாற்றிலிருந்து தனியாக வந்த எனக்கு அங்கே ஒருத்தரையும் தெரியாது.

குறுவையும் தாளடியும் அள்ளிக் கொடுத்த காலம் அது. புது ரக நெல், டிராக்டர், உரக்கடை, ரெண்டாவது டாக்கீஸ். ஒவ்வொன்றுக்கும் போர்டில் ஒரு ஜாக், கம்பி குத்தும் துளை, கூடும். எந்த வீட்டில் மாடி எழும்புகிறது, எங்கே கல்யாணம், எல்லாம் எனக்கு அத்துப்படி. 'நம்பர் ப்ளீஸ்' தாண்டி என்னோடு பேசத்தான் நாதியில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயே திறக்காமல் கிடந்திருக்கிறேன். பக்கத்துப் போர்ஷன் சரோஜா டீச்சர் ஒருத்தர்தான் "சாப்பிட்டியா ஸ்டெல்லா?" என்று கேட்பார்.

2. லைட்னிங் கால்

ஒரு அறுப்பு சமயம். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. முந்தின வருஷம் இதே தகராறில் வெளியூர் ஆட்களை இறக்கி, வெட்டுக்குத்தாகி, எங்கள் ஆபீஸ் பெருக்கும் அஞ்சலையின் புருஷன் செத்துப்போனான்.

காலையிலேயே பெரிய மிராசுதார் கூப்பிட்டார். "ஏம்மா, பரமக்குடி ஏஜென்டுக்கு லைட்னிங் கால் போடு. நாளைக்கு விடியறப்ப நூறு ஆள் இங்க இறங்கணும்."

லைட்னிங் என்றால் மற்றதையெல்லாம் முந்திக்கொண்டு உடனே கிடைக்கும் வெளியூர்க் கால். எல்லா டிரங்க் காலும் தஞ்சாவூர் வழியாகத்தான். ஒரே லைன். தந்தியும் அதே கம்பிதான். இணைக்கிற கார்டுக் கம்பி கையில் இருந்தது. ஜாக்கில் குத்தவில்லை.

"தஞ்சாவூர் லைன் டவுன் சார்."

மனுஷன் சும்மா விடுவாரா! நேரே வந்து கவுன்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "லைன் வந்ததும் முதல் கால் என்னுது."

பதினோரு மணிக்கு சரோஜா டீச்சர் ஓடி வந்தார். "ஸ்டெல்லா, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போடேன். அப்பாவுக்கு ரொம்ப முடியல. மோசம்னு சொன்னா பரீட்சையை ஹெட்மாஸ்டர்கிட்ட விட்டுட்டு பஸ் ஏறிடுவேன்."

மிராசுதார் நிமிர்ந்து என்னையே பார்த்தார்.

"லைன் இல்லை டீச்சர்."

மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் அதையேதான் சொன்னேன். 'கேக்கவே வேணாம், கிளம்பிப் போங்க' என்றாவது சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன பயத்தில் அது தோன்றவில்லை.

நாலரை மணிக்கு வானம் கறுத்தது. சாய்ந்த கதிர் நனைந்தால் முளைத்துவிடும். மிராசுதார் எழுந்து போய் அரைப்படிக்கு ஒத்துக்கொண்டார். அவர் தலை மறைந்ததும் ஆஸ்பத்திரியைப் பிடித்தேன்.

"நாலு மணிக்கே போயிட்டாரும்மா," என்றார் நர்ஸ். "பொண்ணு வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தார்."

3. டிரான்ஸ்ஃபர்

அந்த வருஷம் ஒரு தலை உருளவில்லை. அஞ்சலை, மகன் கூலியாக வாங்கிய புது நெல்லோடு வேலைக்கு வந்தாள். அதைச் செய்தது நான்தான் என்று யாரிடமும் சொல்ல முடியாது. வேலை போவது ஒரு பக்கம், டீச்சர் காதுக்குப் போய்விடும்.

அவரோ காரியம் முடிந்து வந்த அன்றே எனக்குச் சோறு கொண்டுவந்தார். "லைன் இல்லாததுக்கு நீ என்னடி பண்ணுவே?" அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், நானே டிரான்ஸ்ஃபர் எழுதிக் கேட்டேன்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒருத்தருக்கு லைன் டவுன் என்றால் ஊருக்கே டவுன். யார் மேல் விழும் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பஸ் கிளம்பும்போது டீச்சர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "லைன் கிடைக்கலேன்னா லெட்டராவது போடு," என்றார்.

நான் போடவே இல்லை.