சாமிக்கல்லில் இரண்டு தழை

இன்று ராசிங்காபுரம் தாண்டி, ஏலத்தோட்டத்துக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். மனைவி இறந்த பிறகு, தனியாக இதுதான் முதல் முறை.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு சாமிக்கல் உண்டு. ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு தழை ஒடித்து வைப்பார்கள்.

பழக்கத்தில் இரண்டு வைத்துவிட்டேன்.

தோட்டத்திலிருந்து இறங்கி வந்த பெண் பார்த்துவிட்டார். எங்கள் இருவரையும் நன்றாகத் தெரிந்தவர்.

"ரெண்டு தழை வச்சீங்களே அண்ணே, மதினி எங்க?"

உண்மை வாயில் வரவில்லை. "பின்னால வர்றா" என்றேன்.

"அப்ப மதினிய இருந்து பாத்துட்டே போறேன். பாத்து எம்புட்டு நாளாச்சு!"

கல்லருகே உட்கார்ந்துவிட்டார்.

மேலே ஒரு பாறையில் இருந்து இதை எழுதுகிறேன். கீழே அவருடைய சிவப்புச் சேலை இன்னும் தெரிகிறது.

இறங்குவதற்கு வேறு பாதை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.