நாற்பத்தொரு கிள்ளு வெல்லம்

"குடிக்குமோ?"

1998 ஜூனில் டாக்டர் ஷீஜா சிவதாணுவிடம் மலையாளம் கலந்த தமிழில் கேட்ட முதல் கேள்வி இது.

"தொட்டதே இல்லை டாக்டரே."

"இனிப்பு?"

"சாயாவில்கூட சீனி கிடையாது. இருபது வருசமாச்சு."

இரண்டும் உண்மை. சாலைக் கடைத்தெருவில் ஒரு வெல்ல மொத்தக்கடையில் தரம் பார்ப்பது சிவதாணுவின் வேலை. நாக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்று சீனி, வெற்றிலை, ஊறுகாய் எல்லாவற்றையும் எப்போதோ விட்டிருந்தார். லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போடுவார். உப்புக் கரிக்கிறதா, புளித்திருக்கிறதா என்று அவர் சொன்ன பிறகுதான் விலை பேசுவார்கள்.

இடுப்பு வலிக்காக, சிறுநீரகத்தில் கல் இருக்குமோ என்று ஸ்கேன் எடுத்திருந்தார்கள். கல் இல்லை. கல்லீரலில் கொழுப்பு இருந்தது, கிரேடு இரண்டு. கல்லீரலின் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. ரத்தத்தில் 112. நாற்பதுக்குள் இருக்க வேண்டியது. வயது நாற்பத்தேழு, எடை எழுபத்தொன்பது கிலோ.

"இப்போ பயப்படண்டா," என்றார் டாக்டர். "இந்தக் கொழுப்பு குறையும். ஆனா வருசக்கணக்கா கவனிக்காம விட்டா கல்லீரல் இறுகிப்போகலாம். அப்புறம் திரும்பக் கிடைக்கிறது கஷ்டம். எடை குறையணும். மூணு மாசத்துக்கு ஒருதரம் ரத்தம் பார்க்கணும்."

சிவதாணு பயந்தார். சொன்னதையெல்லாம் செய்தார். வலியசாலை வீட்டிலிருந்து விடியற்காலையில் கிள்ளியாறு வரை நடந்தார். சோறு பாதியானது, நெய் நின்றது, வறுத்த மீன் குழம்பு மீனானது. மூன்று மாதம் கழித்து 109. ஆறு மாதம் கழித்து 114. எடை ஒரே ஒரு கிலோ குறைந்திருந்தது.

டிசம்பரில் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சிவதாணு, நான் போலீஸ் இல்லை. கொஞ்சம் குடிக்குமெங்கில் மறைக்காமல் பறயணும். இப்படியே போனா ஊசி போட்டு கல்லீரலில் துணுக்கெடுத்துப் பார்க்க வேண்டிவரும்."

சிவதாணுவின் முகம் சிவந்தது. அன்றுதான் முதல்முறையாகக் கூட வந்திருந்த மனைவி சொர்ணம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"இவரா? பகல் முழுக்க வெல்லத்தை வாயில போட்டுக்கிட்டு இருக்க மனுசனுக்குக் குடிக்க எங்க நேரம்?"

டாக்டர் நிமிர்ந்தார். "வெல்லமோ?"

"அது தீனி இல்லை டாக்டரே, வேலை," என்றார் சிவதாணு.

"வேலையானாலும் அதுவும் சீனிதானே, கல்லீரலில் கொழுப்பாகும். ஒரு நாள் எவ்வளவு?"

"மூட்டைக்கு ஒரு கிள்ளு." எத்தனை மூட்டை என்று அவர் கணக்கு வைத்ததே இல்லை.

"ருசி பார்த்துட்டுத் துப்பினா போதுமே?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆற்றுகால் அம்மன் பொங்கலுக்குப் போற வெல்லம்," என்றாள் சொர்ணம்மாள், குரலைத் தாழ்த்தி. அம்மனுக்குப் போவதைத் துப்ப முடியாது. சரக்கு கொண்டுவந்தவன் கண்ணெதிரே துப்பினால் அவனுக்கும் அவமானம்.

டாக்டர் சொன்னபடி மறுநாள் சிவதாணு ஒவ்வொரு கிள்ளுக்கும் ஈடாக அதே அளவு வெல்லத்தை ஒரு தட்டில் போட்டுவந்தார். மாலையில் நாற்பத்தொரு கிள்ளு சேர்ந்திருந்தது. முதலாளி பகவதிப்பெருமாள் தட்டைத் தராசில் வைத்தார். இருநூற்றுப் பத்து கிராம். நம்பாமல் இன்னொருமுறை நிறுத்தார்.

"இம்புட்டையும் தின்னுட்டு சீனியில்லாத சாயா கேட்டிருக்கீரே ஓய்!"

கடை சிரித்தது. சிவதாணுவால் சிரிக்க முடியவில்லை. இனி வெல்லம் வாயில் படக்கூடாது என்றால் இந்தக் கடையில் தனக்கு என்ன வேலை என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு இருக்கு, மூக்கு இருக்கு. பாரும்," என்றார் முதலாளி. உருண்டையை உடைத்து உள்ளே நிறம் பார்த்தார் சிவதாணு. மோந்து பார்த்தார். வெந்நீரில் கரைத்து மண் அடியில் தங்குகிறதா என்று பார்த்தார். முக்கால் பங்கு தெரிந்துவிட்டது. உப்பும் புளிப்பும்தான் நாக்கில்லாமல் பிடிபடவில்லை.

சுமை தூக்குபவர்களின் தலைவர் தாசையன் முன்னால் வந்தார். "உப்பு உண்டான்னு சொல்லதுக்கு எனக்க நாக்கு போதாதா அண்ணாச்சி? நாங்க ஆறு பேரு இருக்கோம். முறை வச்சுப் பார்த்துக்கிடுவோம். ஆளுக்கு நுனி நாக்குல கொஞ்சம்."

முதல் வாரம் தாசையனுக்கு எல்லாமே இனித்தது. கரிக்கிற சரக்கு ஒன்றையும் "ஒண்ணாந்தரம்" என்று சொல்லிவிட்டு வசவு வாங்கினார். ஒவ்வொரு சரக்குக்கும் இடையில் வெந்நீரில் வாய் கொப்பளிக்கப் பழகிய பிறகு பிழை குறைந்தது.

மாசியில், ஆற்றுகால் பொங்கலுக்கு முந்தைய வாரம் கடையில் நிற்க இடமில்லை. பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் ஒரு துண்டை சிவதாணுவின் முகத்துக்கு நேரே நீட்டினார். "நீர் வாயில போட்டுச் சொன்னாத்தான் எடுப்பேன்." சிவதாணுவின் கை தானாக நீண்டது. அதற்குள் தாசையன் அந்தத் துண்டைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார். "அண்ணாச்சி மணத்துப் பாத்துச் சொல்லுவாரு. வாயி இங்க இருக்கு."

வாடிக்கைக்காரர் முறைத்தார். சரக்கை எடுத்துக்கொண்டுதான் போனார்.

மார்ச்சில் எஸ்.ஜி.பி.டி. 71. ஜூனில் 46. டிசம்பரில் 36. எடை எழுபத்தொன்று, ஸ்கேனில் கிரேடு ஒன்று. டாக்டர் ஷீஜா அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார். "இறுகுறதுக்கு முன்னே பிடிச்சுட்டோம். ஆனா இதோட முடிஞ்சதுன்னு நினைக்கண்டா. ஆறு மாசத்துக்கு ஒருதரம் வரணும்."

சிவதாணு எழுந்து கைகூப்பினார். டாக்டர் சொர்ணம்மாளைக் காட்டினார். "அவங்க அன்னிக்குக் கோபப்பட்டதாலதானே எனக்குத் தெரிஞ்சது."

கடைக்கு வந்ததும் சிவதாணு அறிக்கையைச் சத்தமாகப் படித்தார். பிறகு, தனக்காக ஒரு வருடம் வெல்லத்தை வாயில் வைத்த ஆறு பேரையும் ரத்தம் கொடுக்கச் சொன்னார். ஒன்றும் வராது என்று மூன்று பேர் நழுவப் பார்த்தார்கள். விடவில்லை. தானே லேபுக்கு அழைத்துப்போனார். மறுநாள் முடிவுகளை வாங்கி வந்தவரும் அவர்தான். ஆறும் அளவுக்குள்ளேயே இருந்தன.

தாசையன் தன் தாளை விரித்துப் பார்த்தார். "அண்ணாச்சிக்கு முப்பத்தாறு, பாஸ். எனக்கு இருபத்திநாலுதானா? தோத்துட்டேனா?"

"இல்லடே," என்றார் சிவதாணு. தாசையனின் கையைப் பிடித்துக்கொண்டு, லாரி வந்து ஹாரன் அடிக்கும்வரை அப்படியே நின்றார்.