முதல் சீட்டு பிலோமினம்மாவுக்கு

பிலோமினம்மாவுக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. மொன்றியலில், வில்லரேப் பக்கம், நாங்கள் ஹோட்டல் துணி வெளுத்த லோண்டரியில் மொத்தம் பதின்மூன்று பெண்கள். தேநீர் நேரத்தில் பன்னிரண்டு பேர் குந்தியிருப்போம். அவள் மட்டும் கோப்பை கழுவுவாள், வாசலைக் கூட்டுவாள், ஒன்றும் இல்லாவிட்டால் தெருவில் போகிற வாகனத்தையாவது போய்ப் பார்ப்பாள்.

"குந்துகா. கதிரை உன்னைக் கடிக்காது" என்பேன்.

"இரிந்தா எழும்ப ஏலாது கா" என்பாள்.

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நோவில் சொன்னாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மட்டக்களப்பில் தாண்டவன்வெளிக்காரி. தொண்ணூற்றொன்றில் மொன்றியலுக்கு வந்தவள். மகன் புரோசார்டில் வீடு வாங்கி, வந்து இரு என்று கூப்பிட்டான். போகவில்லை. "மருமகள்ட குசினியில விருந்தாளியா நிக்கிறத்துக்கு, ஹோட்டல்காரன்ட படுக்கைச் சீலைய மடிச்சுட்டுப் போகலாம்" என்றாள். நியாயமான கதை. என் மனிதர் செத்த பிறகு நான் அந்த லோண்டரிக்கு வந்ததும் அதே காரணத்துக்காகத்தான்.

சீலை மடிக்கிறதில் அவளும் நானும் சோடி. தேய்க்கிற பெரிய சூட்டு உருளைக்குள்ளால் வெந்து வருகிற சீலையை ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து மடிக்க வேண்டும். காலையில் அவள் எல்லாருக்கும் முன்னே வந்து கொதிநீருக்குள் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். "குளிருக்கு" என்பாள். ஆடி மாதத்திலும் குளிருக்குத்தான். எனக்கும் புத்தி இல்லை, நம்பினேன்.

இரண்டாயிரத்து ஆறு, இலை கொட்டுகிற காலம். முதலாளி உதயன் ஒரு கடிதத்தோடு வந்து நின்றான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மோசமில்லை. ஆனால் மூளைக்கு முன்னே வாய் ஓடும்.

"அக்காமார், உங்கட மருந்துக்கும் பல்லுக்குமெண்டு கொம்பனி வைச்சிருக்கிற இன்சூரன்ஸ், அவன் கட்டணத்தை ஏத்திப்போட்டான். எங்கட ஆக்களில ஒராளுக்குச் சரியான விலைகூடின மருந்தாம். ஆரெண்டு சொல்லமாட்டாங்களாம். இப்பிடியே போனா நான் ஆளைக் குறைக்க வேண்டி வரும்."

ஆளைக் குறைப்பது என்றால் எந்த ஆளை? அவன் சொல்லவில்லை. எங்களுக்கா விளங்காது?

அன்றையிலிருந்து அந்த இடத்தில் நிம்மதி செத்தது. ஒருத்தி இருமினால் மற்றவள் திரும்பிப் பார்ப்பாள். கூட வேலை செய்கிற சிவநேசத்துக்குச் சீனி வருத்தம் என்று கிளி சொன்னாள். அவளா இவளா என்று நாள் முழுக்க இதே கதை. நானும் சும்மா இருக்கவில்லை, உள்ளதைச் சொல்லவேண்டும். றஜனி பார்மசிப் பையோடு போனதைக் கண்டு, அவள்தான் என்று நாலு பேருக்குச் சொன்னேன். பைக்குள் இருந்தது பிள்ளையின் இருமல் பாணி மருந்து. அவள் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு, கண் வீங்கி வந்து சீலை மடித்தாள்.

பிலோமினம்மா அந்த நாட்களில் இன்னும் மோசம். சோற்றை நின்றுகொண்டு தின்றாள். இரண்டு தரம் உதயனின் அறைக் கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"என்னகா தேடுறாய்?"

"ஒண்டுமில்ல. மறுகா சொல்றன்."

பிறகும் சொல்லவில்லை.

கார்த்திகையில் பற்றிக் என்று ஒரு வெள்ளைக்காரன் வந்தான். சின்ன முதலாளிமாரின் சங்கத்தில் இருந்து வந்தவன். எங்களைச் சாப்பாட்டு அறையில் கூட்டிவைத்துப் பிரெஞ்சில் பேசினான். உதயன் தமிழில் சொன்னான்.

"ஒவ்வொரு கொம்பனியும் தனித்தனியாப் போய் நிண்டா மருந்துக்காரன் சொல்லுறதுதான் விலை. அரசாங்கம் தன்ர ஆக்களுக்கும் எங்கட ஆக்களுக்கும் சேர்த்து ஒண்டா வாங்கினா விலை விழும். எங்களுக்கும் கட்டணம் குறையும். அப்பிடிச் செய்யச் சொல்லித்தான் எல்லாரும் கையெழுத்து வைக்கப்போறம்."

ஒருத்திக்கும் விளங்கவில்லை. அவன் தலையைச் சொறிந்தான்.

"விளங்கிறமாதிரிச் சொன்னா, அரசாங்கம் பிடிக்கிற மருந்துச் சீட்டு."

மொத்த விலைக்கு வாங்குவது என்று சொல்லியிருந்தால் முடிந்த கதை. சீட்டு என்று சொல்லிவிட்டான். மாதாமாதம் தங்களுக்குள் சீட்டுக் கட்டுகிற பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து இருந்தார்கள்.

"சீட்டைப் பிடிக்கிறது அரசாங்கமோ?" என்றாள் கிளி. "அப்ப நல்லது. சுருட்டிக்கொண்டு ஓட இடமில்லை."

"கழிவு எவ்வளவு தம்பி?" என்று ஏலச்சீட்டுக் கணக்கில் சிவநேசம் கேட்டாள்.

எல்லாரும் சிரித்தோம். இரண்டு மாதத்துக்குப் பிறகு சிரித்த முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குள் பிலோமினம்மா முன்னுக்கு வந்தாள்.

எங்கள் பெண்கள் பிடிக்கிற சீட்டில் ஒரு முறை இருந்தது. இடர்ப்பட்டு நிற்கிறவள் முதல் சீட்டைக் கேட்கலாம். ஏன், எதற்கு என்று ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். அந்தத் தைரியத்தில் கேட்டாள்.

"தம்பி, அப்ப முதல் சீட்ட எனக்குத் தாங்க. ஊசிக்கு. கிழமைக்கு ஒண்டு போடோணும்."

 பற்றிக் ஒன்றும் விளங்காமல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா..." உதயனின் குரல் இறங்கிவிட்டது. "இது அந்தச் சீட்டில்லை."

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு கையையும் ஏப்ரனுக்குள் ஒளித்தாள்.

"நீங்களோ!" கிளி பாய்ந்தாள். "ரெண்டு மாசமா றஜனியை அழவிட்டுப்போட்டுப் பார்த்துக்கொண்டு நிண்டனீங்களோ?"

"நான்தான் புள்ள. மூட்டு வருத்தம். ஊசி போட்டாத்தான் விரல் மடங்கும். மடங்கினாத்தான் சீலை மடிக்கலாம். சொல்லத்தான் ரெண்டு தரம் போன நான். கதவத் தட்ட மனம் வரல்ல." ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். அந்த விரலுக்கு அது அவிழவில்லை. "ஒருத்திக்காக எல்லாரும் கெட வேணாம் தம்பி. வெள்ளியோட நான் வேலையால நிண்டுடுறன்."

றஜனியில் பழி போட்டது என் நாக்கு. ஊருக்கெல்லாம் நீட்டுகிற நாக்கு. கதைத்தவள் றஜனி.

"வேலையால நிக்கேலாது" என்றாள்.

"என்ன புள்ள?"

"முதல் சீட்டுக் கேட்டனீங்களெல்லோ? முதல் சீட்டு எடுத்தவ நடுவில விட்டுட்டுப் போகேலாது. கடைசியாள் எடுக்குமட்டும் நிண்டு கட்டோணும். அதுதான் முறை."

"இது அந்தச் சீட்டில்லையக்கா" என்று உதயன் திரும்பவும் தொடங்கினான்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "சீட்டெண்டு சொன்னது ஆரு மனே? நாங்களா? நீ சொன்ன சீட்டு, நீயே பிடி."

பற்றிக் என்ன நடந்தது என்று கேட்டான். உதயன் நெடுநேரம் விளக்கினான். பற்றிக்குக்குக் கண் பளிச்சென்றது. இந்த அம்மா மந்திரி அலுவலகத்துக்கு வந்து தன் கதையைச் சொன்னால் நல்லது என்றான்.

"என்ட வருத்தத்த மந்திரி என்னத்துக்கு அறியோணும்?" என்றாள் பிலோமினம்மா. "மருந்துட விலைய அறிஞ்சாக் காணும்."

எல்லாரும் கையெழுத்து வைத்தோம். தாள் போனது. மந்திரி படித்தாரோ, அதில் வடை மடித்தார்களோ, எனக்குத் தெரியாது. நான் அங்கே வேலை செய்த காலம் வரைக்கும் பதில் ஒன்றும் வரவில்லை.

தை மாதம் இன்சூரன்ஸ் கடிதம் வந்தது, கட்டணம் இன்னும் ஏறி. உதயன் ஆளைக் குறைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எதையாவது விடவேண்டும் என்றான். இன்சூரன்ஸ் வைத்திருந்தால் மருந்து அதில் இருக்கவேண்டும் என்பது இந்த ஊர்ச் சட்டம். பல்லுக்குக் கட்டுகிற பகுதியை விடலாம். சம்மதமென்றால் கையைத் தூக்குங்கோ என்றான்.

"எனக்குக் கட்டுப்பல்லு. ரெண்டு கையையும் தூக்கிறன்" என்றாள் சிவநேசம். றஜனி தூக்கினாள். கிளி முணுமுணுத்துக்கொண்டு தூக்கினாள். எனக்கு இரண்டு பல்லு அடைக்க இருந்தது. கடைசியாகத்தான் தூக்கினேன். பிலோமினம்மா நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். தூக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

பிலோமினம்மாவின் வேலை தப்பியது. ஆனால் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை, முன்னையைவிட மோசம். எவளாவது கன்னத்தில் கை வைத்தால் போதும், கராம்பு எண்ணெய்ப் போத்தலோடு ஓடிவருவாள்.

பங்குனியில் றஜனிக்குக் கடைவாய்ப் பல்லடி வீங்கியது, பல் வைத்தியனிடம் போகக் காசு இல்லை. பிலோமினம்மா சீலையின் மூலையை என் கையில் விட்டுவிட்டு அவளிடம் போனாள், வந்தாள், திரும்பவும் போனாள். சீலை நிலத்தில் இழுபட்டது.

"அக்கா, நோகிறது எனக்கு" என்றாள் றஜனி, ஒரு பக்கத்து வாயால். "நீங்கள் ஏன் நடக்கிறியள்?"

"அப்ப என்னை என்னகா செய்யச் சொல்றாய்?"

"மடியுங்கோ."

வந்து மூலையைப் பிடித்தாள். மடித்தோம். அடுத்த சீலை வருவதற்குள் திரும்பவும் அந்தப் பக்கம் போய்விட்டாள்.