நத்தம் போன செவலைக் குட்டி

ஆண் நாய்க்குட்டியாக இருந்திருந்தால் யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். நத்தம் சாலைப் புளியமரத்தடியில் சாக்கோடு கிடந்த நாலும் பொட்டை. திண்டுக்கல்லில் இருக்கும் என் தையல் கடைக்கு அவற்றைத் தூக்கி வந்தபோது, ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் எல்லாம் மூக்கைப் பிடித்தார்கள். பிடிக்கட்டுமே!

பூச்சி மருந்து கொடுத்து, தடுப்பூசி போட்டு, சோறு தின்னப் பழக்கிய பிறகுதான் குட்டிகளுக்கு வீடு தேடுவேன். சும்மா கொடுக்க மாட்டேன். எடுத்துப் போகிறவர் ஒரு தொகை கட்ட வேண்டும். ஊசிச் செலவு போக மிச்சம் நேராகக் கால்நடை டாக்டரிடம் போய்விடும், கருத்தடை ஆபரேஷனுக்கு முன்பணமாக. குட்டி வளர்ந்ததும் கூட்டி வந்து அதைச் செய்துகொள்ள வேண்டும். மனம் மாறினால் குட்டியை என்னிடமே திருப்பித் தந்துவிட வேண்டும்.

"தெருநாய்க்குத் துட்டாம்ல!" என்று ஒருவர் சிரித்தார்.

"துட்டுக் குடுக்க வலிக்கிற கை நாளைக்குச் சோறு மட்டும் போட்டுருமாக்கும்?" என்று கேட்டு வாசலைக் காட்டினேன். என் வாய் அப்படி.

மூன்று போய், செவலைக் குட்டி ஒன்று மட்டும் நின்றது. அதைக் கேட்டு நத்தம் பக்கத்து மாந்தோப்பிலிருந்து ஒரு பெண் கணவரோடு மொபெட்டில் வந்தாள். மாடு வாங்குகிற மரியாதையோடு, பணத்தை வெற்றிலை பாக்கின் மேல் வைத்து நீட்டினாள். ஆபரேஷன் விஷயத்தையும், அதற்கு முந்தின ராத்திரியிலிருந்து சோறு போடக் கூடாது என்பதையும் சொன்னேன். "செஞ்சுருவோம்க்கா," என்றாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது.

சில மாதம் கழித்து, நாயைக் கூட்டி வரச் சொல்லிப் போன் செய்தேன். எடுத்தது அவள் மாமியார்.

"ஏம்மா, எம் மருமகளுக்குக் கல்யாணமாகி இம்புட்டு வருசமாப் புள்ளையில்ல. இப்பப் போயி வீட்டு நாயோட கர்ப்பப்பைய அறுக்கச் சொல்றீகளே, எங்க வம்சம் வெளங்குமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப நாயத் திருப்பிக் கொண்டாந்து விட்ருங்க!"

"அத நான் தரமாட்டேன் அத்தை," என்று அந்தப் பெண் பக்கத்திலிருந்து சொல்வது கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

முடிந்தது போ. நாயும் வராது, ஆபரேஷனும் நடக்காது. அடுத்த வருஷம் இதன் குட்டிகளை எந்த மரத்தடியில் பொறுக்கப் போகிறேனோ என்று, அந்த வாரம் முழுக்கக் கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

வாரக் கடைசியில் டாக்டரிடமிருந்து போன். "உங்க செவலை வந்திருக்கும்மா."

துணியை வெட்டினது வெட்டினபடி போட்டுவிட்டு ஓடினேன். பழைய சேலையில் சுற்றிய நாயை மடியில் வைத்துக்கொண்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கணவர் வெளியே வண்டியருகில் நின்றார்.

"நீங்க சொன்ன மாதிரி ராத்திரியிலேர்ந்து சோறு போடலக்கா. அது பட்டினி கெடக்கையில எனக்கு எங்க எறங்குது?"

"மாமியார் ஒத்துக்கிட்டாங்களா?"

"எங்கக்கா! மொகம் குடுத்தே பேச மாட்டேங்குறாங்க."

"அதெல்லாம் சுத்த மூடநம்பிக்கை, நீ பயப்படாத," என்று என் வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

"பயமாத்தான் இருக்கு," என்றாள். நாயைச் சுற்றியிருந்த சேலையை இழுத்து இன்னும் நன்றாகப் போர்த்தினாள். "அவுக சொன்னது பலிச்சுருமோன்னு தூக்கமே இல்லக்கா."

"பின்ன ஏம்மா வந்தே?"

"புள்ள வரம் கேட்டுக் கோயில் கோயிலாப் போயி நிக்கிறேன். இது பெக்கிறதெல்லாம் தெருவுல கெடந்து சாகட்டும்னு விட்டுட்டு, எந்த மொகத்தோடக்கா சாமிகிட்டப் போயிக் கேப்பேன்?"

அந்தச் சாபத்தை நான் நம்பவில்லை. அதனால் அதை மீறச் சொல்வதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இவள் நம்புகிறாள். தனக்குப் பிள்ளையே இல்லாமல் போகலாம் என்று நம்பிக்கொண்டே அத்தனை தூரம் நாயைத் தூக்கி வந்திருக்கிறாள். அம்மாடி, எப்பேர்ப்பட்ட மனசு! பிரசங்கத்தை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். நாயை வாங்கிக்கொள்ள ஆள் வந்தார். அவள் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.